பேர் சொல்லாதது

இன்டர்நேஷனல் சிட்டி, சைனா கிளஸ்டர்.
சலூனுக்கும் சிம் கார்டு கடைக்கும் நடுவே
குறுகலான படி ஏறினால் டாக்டர் ஷூ.
பெயரைச் சொன்னதும் இவர் குனிந்து
தன் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தார்.
வாராவாரம் வைக்கிறார்.
நான்காவது வாரம் அந்த அம்மாளும்
தன் ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

நாக்கை நீட்டச் சொல்லி
நெடுநேரம் பார்த்தாள்,
ஏர்போர்ட்டில் பழைய போட்டோவையும்
புது முகத்தையும் ஒப்பிடுகிறவன் மாதிரி.
மூன்று விரலால் நாடி. இந்தக் கை. பிறகு அந்தக் கை.
மூளை ஒரு கடல் என்றாள்.
மஜ்ஜையால் ஆன கடல்.
சிறுநீரகம்தான் அதை நிரப்ப வேண்டும்.
இவருக்கு வற்றிக்கொண்டு வருகிறது.

இருபத்தாறு வருடம் ஜெபல் அலியில்
கடலைக் காய்ச்சி ஆவியாக்கி
ஊருக்குக் குடிதண்ணீர் அனுப்பிய மனுஷனிடம்
கடல் வற்றுகிறதாம்.
இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.
"எத்தனாவது யூனிட்?" என்றார்.

குணமாகுமா என்று நான் கேட்டேன்.
அவள் தலையை ஆட்டினாள், இல்லையென்று.
மெதுவாகலாம். ஆகாமலும் போகலாம்.
ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தாதே.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
ஈரலுக்கு ரத்தம் பார்.
பொய் சொல்லாத வைத்தியருக்கு
நூற்றெண்பது திர்ஹம் எண்ணிக் கொடுத்தேன்.
மகனிடம் நூற்றிருபது என்றேன்.

பொட்டலத்தில் பத்து வகை வேரும் பட்டையும்.
ஒன்றைக் கிள்ளி முகர்ந்தேன்.
இது வசம்பில்லையா!
வசம்பின் ஒன்றுவிட்ட தங்கை,
சீன தேசத்தில் வாழ்க்கைப்பட்டவள்.
ரெக்ஸ் பிறந்த மாதம் விளக்கில் சுட்டு
தாய்ப்பாலில் உரசி
அவன் நாக்கில் தடவிய அதே காரம்,
பேச்சு வரட்டும் என்று.
பொழுது சாய்ந்தால் அதன் பேரைச் சொல்வதில்லை.
தூத்துக்குடிக் கடையில் போய் நின்று
"அண்ணாச்சி, பேர் சொல்லாதது குடுங்க" என்போம்.
அவரும் ஒரு வார்த்தை பேசாமல் மடித்துத் தருவார்.

இவர் பேரையும் நான் சொன்னதில்லை.
முப்பத்தெட்டு வருடம் என்னங்க, இந்தாங்க,
பிள்ளை வந்த பிறகு ரெக்ஸப்பா.
கோயிலில் பூசைக்குக் கொடுக்கும்போதும்
துண்டுச் சீட்டில் எழுதித்தான் நீட்டுவேன்.
இப்போது டாக்டர் ஷூ சொல்கிறாள்:
கஷாயம் இரண்டு வேளை.
பேர் சொல்லிக் கூப்பிடுவது இருபது வேளை.

கஷாயம் சுலபமாக இருந்தது.
மண்சட்டி, மூன்று தம்ளர் ஒன்றாகச் சுண்டணும்.
மூன்றாம் நாள் எதிர் ஃபிளாட் எகிப்துக்காரர்
கதவைத் தட்டி, கேஸ் கசிகிறதா என்றார்.
வாட்ச்மேன் வந்து முகர்ந்து பார்த்து
தன் அம்மாவுக்கும் கொஞ்சம் கேட்டான்.

பேர்தான் வரவில்லை.
குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன்.
தண்ணீரைத் திறந்துவிட்டு
அந்தச் சத்தத்துக்குள் சொல்லிப் பார்த்தேன்.

நேற்று ராத்திரி, பதினொன்று இருக்கும்.
சட்டி கொதிக்க, ஏசி உறும,
சமையலறை வாசலில் பனியனோடு வந்து நின்றார்,
வழி கேட்க வந்தவர்போல.
அடுப்பைப் பார்த்தபடியே சொன்னேன்:
"தனிஸ்லாஸ்."
நாக்கு சுட்டது.

"அவர் இல்லையே மேடம்.
ஷிப்ட் முடிஞ்சு அப்பவே போயிட்டார்."

எந்த பஸ்ஸில் என்று கேட்டிருப்பேன்,
குரல் இருந்திருந்தால்.
தம்ளரில் ஊற்றி ஆற்றிக் கொடுத்தேன்.
ஒரு வாய் உறிஞ்சி,
அண்ணத்தில் உருட்டி,
கண்ணை மூடிக் கணக்குப் போட்டார்.
"இந்தத் தண்ணிய ஊருக்கு விட்டுடாதீங்க.
உப்பு இல்ல, வேற என்னமோ கலந்திருக்கு.
முதல்ல வால்வை மூடுங்க."

எந்த வால்வு என்றேன்.

இத்தனை வருஷமா வேலை பார்க்கிறீங்க,
இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்து
என்னைத் தோளால் ஒதுக்கிவிட்டுப் போய்
நான்கு குமிழில் சரியானதைப் பிடித்து
வலப்பக்கமாக
மெல்ல
திருகினார்.